பழைய செடியை வேரோடு எடுக்க, தரையோடு வெட்டாதீர்கள்

பழைய வீடு வாங்கி, முன்பிருந்தவர்கள் வைத்த செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளிப் புதர்களை எடுக்கப் போகிறீர்களா? தரையோடு வெட்டிவிடாதீர்கள். கிளைகளைக் கழித்துவிட்டு, நடுத்தண்டை மட்டும் இடுப்பு உயரத்துக்கு விட்டுவையுங்கள். முதல் நாள் சாயங்காலமே அடியில் நன்றாகத் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள்.

மறுநாள் ஒரு அடி தள்ளிச் சுற்றிலும் மண்ணைப் பறித்து, கண்ணில் படும் பக்க வேர்களை அறுத்துவிட்டு, தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தண்டே நெம்புகோலாகிவிடும், ஊறிய மண்ணும் வேரைச் சீக்கிரம் விடும். எந்தப் பக்கம் அசையவில்லையோ அங்கேதான் வேர் பிடித்திருக்கிறது, அங்கே மட்டும் கடப்பாரை போட்டால் போதும். தரையோடு வெட்டிய கட்டைக்குப் பிடியே இருக்காது, தோண்டித் தோண்டி ஆள்கூலிதான் ஏறும்.

சுவரை ஒட்டியோ, தண்ணீர்க் குழாய், செப்டிக் டேங்க் பக்கத்திலோ நிற்கும் செடியை ஆட்டவே கூடாது. அங்கே பொறுமையாக மண்ணைப் பறித்து, வேரைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மா, தென்னை போன்ற மரங்களுக்கும் இந்த வழி உதவாது. கறிவேப்பிலை என்றால், மண்ணில் தங்கிய வேரிலிருந்தே கன்று கிளம்பும். நான் சொல்வேன், அந்தச் செடியை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்புறம், அரளியை வெட்டும்போது கையுறை கட்டாயம். குச்சிகளை எரிக்கவும் வேண்டாம், அதன் புகையும் நஞ்சு.