எந்த எடைக்கல்லால் நிறுத்தீர்கள்?

"தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுவதில்லை." என் எம்.ஏ. ஆய்வேட்டில் நான் எழுதிய வரி இது. சும்மா எழுதவில்லை, அடிக்குறிப்பில் மூன்று நூல்களைக் காட்டியிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர், "சொந்த ஊர் எது?" என்று கேட்டார். "தஞ்சாவூர்தான், ஐயா." "காலை எட்டு மணிக்குக் கோயிலுக்குப் போனதே இல்லையா?" மறுநாள் போனேன். விமானத்துக்கு மேற்கே, பிராகாரத்தில், நிழல் நீளமாகப் படுத்திருந்தது.

வீட்டுக்கு வந்து அந்த மூன்று நூல்களையும் மறுபடி புரட்டினேன். மூன்றாவது இரண்டாவதைக் காட்டியது, இரண்டாவது முதலாவதை. முதலாவது யாரையும் காட்டவில்லை. மூன்று சாட்சிகள் என்று நான் நம்பியது ஒரே ஆளின் வாய்தான். அதனால் என் மாணவர்களிடம் முதலில் சொல்வது: அடிக்குறிப்புகளை எண்ணாதீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அது போகும் இடம்வரை பின்னால் போங்கள்.

அடுத்து, சொன்னவர் எப்போது சொன்னார் என்று பாருங்கள். இக்கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்கிறது பிற்காலத் தலபுராணம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்த பிறகே ராஜராஜன் பெயர் உறுதியானது. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியைத் திறந்தால் அவன் குரலையே கேட்கலாம்: "நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொல்கிறான்.

அந்தக் கல்வெட்டுகள்மீது எனக்கு மதிப்பு வரக் காரணம் பழமை மட்டும் அல்ல. தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்கு அரசன் கொடுத்த செப்புக்குடம் 3,083 பலம் (பலம் என்பது பழைய எடை அளவு) என்று எழுதியிருக்கிறது. பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர்கூட உண்டு: ஆடவல்லான். எண்ணைச் சொல்பவர் அது எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். உச்சிக்கல் 80 டன் என்று எழுதிக்கொண்டு வருபவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "எந்த எடைக்கல்லால் நிறுத்தீர்கள்?"

கல்வெட்டு என்றாலே எல்லாம் உண்மை என்று நினைத்துவிடவும் வேண்டாம். பொன் கணக்கு வேறு, மெய்க்கீர்த்தி வேறு. பின்னது அரசன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. போர்ச்செய்தியை அங்கிருந்து எடுத்தால் எதிர்த்தரப்புச் சான்றையும் தேடுங்கள். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி' என்ற தொடரில் கலம் என்பது கப்பலா, உண்கலமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். வாதமே இல்லாததுபோல ஒரு பொருளை மட்டும் சொல்லிக் கடந்துபோகும் நூல் கிடைத்தால், முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பேன். நூலகப் புத்தகமாக இருந்தால் என் குறிப்பேட்டில்.