புகைக்கூண்டு ஓரத்து ஒழுகல்: பூசுவதற்கு முன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

எங்கள் வீடு ராயபுரத்தில், மெட்ராஸ் டெரஸ் (தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய தளம்) போட்ட பழைய வீடு. விறகடுப்புக் காலத்துப் புகைக்கூண்டு மொட்டைமாடியில் இன்னும் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சமையலறையில் அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்தோம். அதற்குப் பிறகு இரண்டு முறை சிமெண்ட் பூசியும் ஒழுகல் நிற்கவில்லை, ஓட்டை எங்கே என்று தெரியாமலே பூசியதுதான் காரணம்.

முதலில் கீழிருந்து கறையைப் பாருங்கள். கரி கலந்து கறுப்பாக வழிந்தால் பெரும்பாலும் மழை கூண்டின் வாய் வழியே இறங்குகிறது. வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் சுவரிலோ தளத்திலோ ஊறி வருகிறது.

அடுத்ததுதான் நான் கோட்டைவிட்ட இடம். ஹோஸைப் பிடித்து எல்லாப் பக்கமும் அடித்துவிட்டேன், கீழே ஒழுகியது, எந்த வழியாக என்று மட்டும் தெரியவில்லை. மேலே ஊற்றினால் கீழே உள்ள இடமும் நனைந்துவிடும் இல்லையா, அதனால் கீழிருந்து மேலேதான் போகவேண்டும். நாலு நாள் வெயிலில் தளம் காயட்டும். முதலில் கூண்டைச் சுற்றி ஒரு முழம் தள்ளி ஈரமணலில் வரப்பு கட்டி, வரப்புக்கு வெளியே ஊற்றுங்கள். அப்புறம் வரப்புக்குள்ளே, அதாவது கூண்டும் தளமும் சேரும் மூலையில். பிறகு கூண்டுச் சுவர், கடைசியில் வாய். ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரமாவது பொறுங்கள், டார்ச்சோடு ஒருவர் கீழே நிற்கட்டும். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள், தேக்கு உத்தரத்தை ஒட்டியே ஓடி நாலடி தள்ளிச் சொட்டும்.

எங்களுக்கு மூலைதான். வெயிலில் கூண்டும் தளமும் ஒரே மாதிரி விரிவதில்லை, அதனால் வெறும் சிமெண்ட் பூச்சு அங்கே மறுபடி விரிசல் விடும். விரிசலை உளியால் அரை அங்குலம் திறந்து, தூசி தட்டி, நன்றாகக் காய்ந்ததும் பியூ சீலண்ட் (பாலியூரித்தேன், காய்ந்தாலும் ரப்பர் போல இழுபடும் அடைப்பான்) அடைத்தேன். சிலிகான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது. சீலண்ட் இறுகியபின் ஃபைபர் வலை வைத்து, சுவரில் ஒரு சாண், தளத்தில் ஒரு அடி வரை வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை. முதல் கை முழுக்கக் காயாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை: கறுப்பாகவே ஒழுகுகிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கூண்டின் நாலு மூலையிலும் செங்கல் வைத்து, மேலே கடப்பா கல்லைப் பக்கத்துக்கு ஒரு சாண் வெளியே நீட்டிப் பதியுங்கள். வாயை முழுக்க அடைக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கிச் சுவர் ஊறும்.