அசைபோடும் மனசை ஆறரை மணிக்கு உட்கார வைப்பது எப்படி?

சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் 38 ஜோடி கொடுத்ததில் ஒரே ஒரு ஜோடியில் பத்தவைப்பு, அதாவது வெள்ளியை ஒட்டவைத்த இடம், விட்டுப்போனது. வாங்கிப்போன வியாபாரி திரும்பி வந்து, நாலு பேர் நிற்கும்போது அதை மேஜைமேல் போட்டு, "இந்த வேலைக்குக் கூலி வேறயா?" என்றார். மீதி 37 ஜோடியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் நினைக்கவில்லை. எட்டு மாதம் அந்த ஒரு வாக்கியத்தையே மாடு மாதிரி அசைபோட்டேன். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, ராத்திரி 2 மணிக்கு. அதிலிருந்து வெளியே வந்த வழி இது.

வேண்டியவை: தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள், ஒரு பேனா, ஒரு அலாரம். போனில் எழுதலாமே என்பீர்கள். வேண்டாம். எழுதத் திறந்தால் வாட்ஸ்அப் இழுக்கும். டைரியும் வேண்டாம், பக்கம் பெரிதாக இருந்தால் புலம்பலும் பெரிதாகும். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எட்டு வரிக்குமேல் இடமில்லை, அதுதான் வசதி. முன்பக்கத்தைத் திருப்பாதீர்கள். நான் ஒருநாள் திருப்பினேன். என் ராசிக்குச் சந்திராஷ்டமம் என்று போட்டிருந்தது. அன்றைய பொழுது அதிலேயே போனது.

1. விரட்டாதீர்கள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன கதைதான். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை 5 நிமிஷம் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. 'நல்லதையே நினை' என்று அறிவுரை சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். நினைப்பு வந்தால் தாளில் இரண்டே வார்த்தை. 'வியாபாரி பேச்சு', அவ்வளவுதான். மீதி சாயங்காலம்.

2. நேரமும் இடமும். நான் சறுக்கிய இடம் இது. கவலைக்கென்று தினமும் ஒரே நேரம், ஒரே இடம் ஒதுக்குவதை 1983இல் தாமஸ் போர்கோவெக் குழு சோதித்தது. அவர்கள் கொடுத்தது அரை மணி நேரம், எனக்கு 20 நிமிஷம் போதும். ஆனால் நான் அதை ராத்திரி 9:30க்கு, பாயில் படுத்துக்கொண்டு செய்தேன். பத்து நாளில், பாயைப் பார்த்தாலே கவலை வந்தது. இருந்த தூக்கமும் போனது. முறையே சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்காரிதான், "தூங்குற இடத்துல ஏன் பஞ்சாயத்து வைக்கிறீங்க?" என்றாள். அதற்குப் பிறகு சாயங்காலம் 6:30, மாடிப்படியின் கடைசிப் படி. எதிரே ஏற்காடு மலை இருட்டிக்கொண்டு வரும். படுக்கை கூடாது, வேலை செய்யும் இடமும் கூடாது. தூங்கப்போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

3. பிரித்து எழுதுங்கள். என் தாள் ஒன்று:

நடந்தது: ஒரு ஜோடி விட்டுப்போனது. கூலி வேறயா என்றார்.
நான் சேர்த்தது: பேட்டை முழுக்க இதையே பேசுவார்கள். இனி ஆர்டர் வராது. தம்பிகூட மதிக்கமாட்டான்.
நாளைக்கு: ஒவ்வொரு ஜோடியையும் இழுத்துப் பார்த்துக் கொடுப்பது.

நாங்கள் வெள்ளியை ஒட்டவைக்கப் பொடி வைத்து ஊதுவோம். அவர் சொன்னது ஒரு வரி, மிச்சம் நான் பொடி வைத்து ஊதியது. இரண்டாவது வரி வரவில்லையென்றால், 'அதனால் என்ன ஆகும்?' என்று கேட்டுப் பாருங்கள், கொட்டும்.

மூன்றாவது வரிக்கு எதுவுமே இல்லாத நாளும் உண்டு. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதற்கு நாளைக்கு என்ன செய்ய முடியும்? ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

4. அலாரம் அடித்ததும் எழுந்திருங்கள். உடனே கைக்கு ஒரு வேலை வேண்டும். செடிக்குத் தண்ணீர் விடலாம். என் சிபாரிசு தட்டுவடை செட், இரண்டு தட்டைக்கு நடுவே காயும் சட்னியும் வைத்த எங்கள் ஊர்த் தின்பண்டம். சட்னி சட்டையில் வழியாமல் அதை வாயில் போடும் நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது.

எனக்கு மூன்று வாரம் ஆனது. நினைப்பு இன்னும் வருகிறது, உட்காருவதில்லை.

பிறகு சேர்த்தது: ஒரு அக்கா, ஆறரைக்கு அடுப்படியில் நிற்பேனே என்று கேட்டிருந்தார். மதியம் 3 மணியும் சரிதான், தினமும் அதே நேரமாக இருந்தால் போதும். இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் தாளோடு நிற்காதீர்கள். 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

ஏற்காட்டுக்கு வேன் ஓட்டும் ஒரு அண்ணன் எழுதியிருந்தார்: 20 கொண்டை ஊசி வளைவில் பேனாவை எங்கே எடுப்பது? அவர் மேலே போய் வண்டியை நிறுத்தியதும், நினைப்புக்கு ஒன்றாகத் தோள் துண்டின் முனையில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறாராம். சாயங்காலம் ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். பாதி முடிச்சு எதற்குப் போட்டது என்றே ஞாபகம் வருவதில்லையாம்.