பூமியின் முதல் கண்டப் பாறைகள்: விளக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமி ஆறியதும் மேலே கிரானைட் ஓடு படிந்தது என்று பல பாடக்குறிப்புகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அப்படி நடக்க வழியே இல்லை. ஓட்டுக்கு அடியில் உள்ள மேன்டில் அடுக்கின் பாறையில் சிலிக்கா (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தது) சுமார் 45 சதவீதம். அது ஓரளவு உருகினால் கிடைப்பது 50 சதவீதத்தை ஒட்டிய சிலிக்கா உள்ள, பசால்ட் என்ற கரும் எரிமலைப் பாறைதான். அந்த பசால்ட் ஆழத்தில் புதைந்து, 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொஞ்சம் மட்டும் உருகும்போதுதான் கிரானைட்டைப் போல 70 சதவீதத்தை ஒட்டிய சிலிக்காவுடன் பாறைக்குழம்பு பிரிகிறது. அதற்கும் பசால்ட்டின் கனிமங்களுக்குள் நீர் கட்டுண்டிருக்க வேண்டும். காய்ந்த பசால்ட் இந்தச் சூட்டில் உருகாது.

விளைந்த பாறையை வெறுமனே ‘கிரானைட்’ என்பதும் பிழை. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன், மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதிகளின் சுமார் 350 கோடி ஆண்டுப் பழைய பாறைகள் பெரும்பாலும் சோடியம் மிகுந்த டோனலைட், ட்ரோன்ஜெமைட், கிரானோடயோரைட் வகைகள். பொட்டாசியம் மிகுந்த கிரானைட் பெருமளவில் வந்தது பிற்பாடு.

அதிகம் சறுக்குவது, தன்னுள் இருக்கும் யுரேனியத்தால் வயது கணிக்க உதவும் சிர்கான் என்ற கனிமத்தில். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் மணிகளில் மிகப் பழையவற்றுக்கு வயது சுமார் 440 கோடி ஆண்டு. அவை பதிந்திருக்கும் கூழாங்கல் பாறைக்கோ சுமார் 300 கோடிதான். மணியின் வயதைப் பாறையின் வயதாக எழுதாதீர்கள். ‘அப்போதே பெரிய கண்டம் இருந்தது’ என்றும் நீட்டாதீர்கள். அதே மணிக்குள்ளும் நடுப்பகுதி பழையதாகவும் விளிம்பு பின்னாளில் வளர்ந்ததாகவும் இருக்கலாம். வயதை அளக்க மணியின் மேல் பாய்ச்சும் அயனிக் கற்றை தொடும் புள்ளி 20, 30 மைக்ரான் அகலம். அது இரண்டையும் சேர்த்துத் தொட்டால் வரும் எண் எந்த நிகழ்வுக்கும் உரியதல்ல. அதனால்தான் எலக்ட்ரான் கற்றை பட்டு மணி ஒளிர்வதைப் பதியும் கேத்தோடு ஒளிர்வுப் படத்தில் வளர்ச்சிப் பட்டைகளை முதலில் பார்ப்பது கட்டாயம். யுரேனியம்-238, யுரேனியம்-235 இரண்டும் தனித்தனி வேகத்தில் ஈயமாகச் சிதைவதை வைத்து வயது சொல்லும் இரண்டு கடிகாரங்களும் ஒரே வயதைச் சொல்கின்றனவா என்றும் பாருங்கள். சொல்லாவிட்டால் ஈயம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, ஸ்ட்ரான்ஷியம்–இட்ரியம் என்ற இரு தனிமங்களின் விகிதம் பாறையில் உயர்ந்திருந்தால் உடனே ‘ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழ்ந்தது’ என்று தீர்ப்பெழுதுவது. ஆழத்தின் அழுத்தத்தில் உருவாகி, உருகாமல் தங்கிய கார்னெட் கனிமம் இட்ரியத்தைப் பிடித்துக்கொண்டது, ஸ்ட்ரான்ஷியத்தைப் பிடித்துவைக்கும் பிளேஜியோகிளேஸ் கனிமம் அங்கே குறைவு என்பதுதான் இதன் நேரடிப் பொருள். தடித்த பசால்ட் பீடபூமியின் அடியிலும், சுமார் 40 கிலோமீட்டர் ஆழத்தில், அதே நிலைமை வாய்க்கும். உருகிய பசால்ட்டிலேயே அந்த விகிதம் முன்பே உயர்ந்திருக்கவும் கூடும். இந்த ஒரு எண்ணை வைத்து ஆழத்தைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.