ஊருக்குப் போன இடத்தில் தோள்பட்டைக் கட்டியை வெட்டலாமா?

போன ஆடியில் மாமியோடு வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போயிருந்தேன். கிணற்றடிக் கொடியில் உடுப்புக் காயப்போட அவர் கையை முன்னால் நீட்டியபோது, வலது தோள்பட்டை எலும்பின் கீழ்நுனியில் தேசிக்காய் அளவில் ஒன்று புடைத்து நின்றது. கையை இறக்கியதும் காணவில்லை. அன்றிரவே பேச்சுத் தொடங்கிவிட்டது: "இங்கேயே வெட்டிப்போட்டுப் போங்கோ, அங்கை எண்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேணும்."

அந்த அவசரம்தான் எனக்குப் பயம்.

அந்த இடத்தில் வரும் கட்டிகள் பெரும்பாலும் தீங்கில்லாதவை. கொழுப்புக் கட்டி என்றால் மெத்தென்று விரலுக்கடியில் நழுவும். தோலோடு ஒட்டி, நடுவில் கரும்புள்ளியோடு இருப்பது வேறு வகை, தோலில் வரும் பை போன்ற கட்டி. மாமிக்கு இருந்தது எலாஸ்டோஃபைப்ரோமா, அதாவது நார்த்திசுவும் கொழுப்பும் கலந்த, புற்றுநோய் அல்லாத கட்டி. 1961இல் பின்லாந்து மருத்துவர்கள் முதலில் விவரித்தது. ஐம்பது தாண்டிய பெண்களுக்கே அதிகம், பலருக்கு இரண்டு பக்கமும் இருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் தசை போன்ற திசுவுக்குள் கொழுப்பு வரிவரியாகத் தெரிந்தது. வலியோ தொந்தரவோ இல்லையென்றால் இதில் கத்தி வைக்கவே தேவையில்லை. மாமி வெட்டாமலே திரும்பி வந்தார்.

ஆனால் கட்டி 5 சென்ரிமீற்றரைத் தாண்டினால், ஆழத்தில் இருந்தால், வேகமாக வளர்ந்தால், வலித்தால், எம்.ஆர்.ஐ. பார்க்காமல் யாரையும் வெட்ட விடாதீர்கள். அரிதாக அது புற்றாக இருக்கலாம். தெரியாமல் வெட்டினால் செல்கள் சுற்றிலும் பரவி, இரண்டாவது சத்திரசிகிச்சை இன்னும் பெரிதாகிவிடும். எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம். சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணி, அதாவது தனியார் வைத்தியசாலையில் முன்பதிவு செய்து, காட்டுங்கள்.

சரி, எடுக்கத்தான் வேண்டும் என்றால் பயணத்தின் முதல் வாரத்திலேயே எடுங்கள். முதுகில் தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். எலாஸ்டோஃபைப்ரோமா எடுத்த குழியில் நீர் கோப்பது சாதாரணம். அதை ஊசியால் இழுக்கவும் வேண்டிவரலாம். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தாங்களாக நிறுத்தாதீர்கள். திரும்பும்போது சூட்கேஸை வேறு யாராவது தூக்கட்டும்.

என் சித்தப்பாவுக்கு ஊரில் ஒரு வைத்தியசாலையில் கட்டியை எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பாமலே எறிந்துவிட்டார்கள். லண்டனில் வைத்தியர் அறிக்கை கேட்டபோது காட்ட ஒன்றுமில்லை, தழும்பு மட்டும்தான். "இது என்னவாக இருந்தது?" என்ற கேள்வியோடு அவர் எத்தனை இரவு தூங்காமல் கிடந்தார்! ஆகவே, வெட்டும் முன்பே ஆய்வுகூடத்துக்குப் போகுமா என்று கேளுங்கள். அந்த அறிக்கையையும் ஸ்கான் சீடியையும் கைப்பையில் வைத்துக் கொண்டுவாருங்கள்.