மலைமேல் ஓட்டல் கிச்சன்: வேலைக்குச் சேரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்தால் போதும், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஓட்டல்காரர்கள் ஆள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். மற்ற மாதங்களில் “பொண்ணா? கிச்சனுக்கா?” என்று இழுப்பவர்கள்கூட ஏப்ரலில் “நாளைக்கே வந்துடும்மா” என்பார்கள். பிளஸ் டூ முடித்த பெண்களும், கேட்டரிங் படித்துவிட்டுச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் பெண்களும் அப்போதுதான் நுழைகிறார்கள். முதல் தவறும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

சீசனில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கிற வாரத்தில் ஒரு மாஸ்டர் உங்களைப் பக்கத்தில் நிறுத்தி வெங்காய மசாலா எந்தப் பதத்தில் எண்ணெய் விடவேண்டும் என்று காட்டுவார் என எதிர்பார்ப்பது நடக்காத காரியம். வெங்காயம் உரிப்பீர்கள், கேரட் சீவுவீர்கள், தட்டு துடைப்பீர்கள். ஜூன் பிறந்ததும் கூட்டம் வடியும், “தேவைப்பட்டா கூப்பிடறோம்” என்பார்கள். கையில் கொஞ்சம் காசு இருக்கும், தொழில் இருக்காது. முடிந்தால் ஜூலை, ஆகஸ்டில் சேருங்கள். சம்பளம் சற்றுக் குறைவாகப் பேசுவார்கள். ஆனால் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் வரும்போது அடுப்பு பழகியிருக்கும். சீசனில்தான் இடம் கிடைத்தது என்றால் சேரும்போதே ஒன்றைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: ஜூனுக்குப் பிறகும் என்னை வைத்துக்கொள்வீர்களா?

சேரும்போது சம்பளத்தை மட்டும் கேட்பது அடுத்த தவறு. மலையில் வேறு சில விஷயங்கள் சம்பளத்துக்குச் சமம். பிரேக் ஷிஃப்ட் என்று ஒன்று உண்டு. காலை பத்தரைக்கு வந்து மூன்று மணிக்கு விடுவார்கள், மறுபடி ஆறரைக்கு வந்து பதினொன்றுக்கு முடியும். கோயம்புத்தூரில் இருப்பவர் இடையில் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வரலாம். கோத்தகிரிப் பக்கத்து ஊரிலிருந்து ஊட்டிக்கு வருகிற பெண் அந்த மூன்றரை மணி நேரம் எங்கே இருப்பாள்? இரவு பதினொன்றுக்கு ஊருக்கு பஸ் ஏது? ஆகவே தங்க இடம் உண்டா, அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, சுடுதண்ணீர் வருமா, கிச்சன் பக்கத்தில் பெண்களுக்குத் தனிக் கழிவறை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல முதலாளி இதைக் கேட்டதும் அறையைத் திறந்து காட்டுவார். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கிற இடம் என்றால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றியும் கேளுங்கள். தீக்காயமும் கத்திக் காயமும் இல்லாத கிச்சன் கிடையாது, மருத்துவச் செலவு உங்கள் தலையில் விழக்கூடாது. இன்னொன்று: சான்றிதழ்களை ஒரிஜினலாகக் கொடுத்துவைக்காதீர்கள். நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வேலை பிடிக்காமல் கிளம்பும் நாளில்தான் இதன் அருமை தெரியும்.

மூலையில் நிற்பது

நான் பார்த்தவரை பெண்களைப் பின்தள்ளும் தவறு இதுதான், ஆனால் இது தவறு மாதிரியே தெரியாது. சேர்ந்ததும் உங்களை சாலட், ஜூஸ், டெஸர்ட் அலங்காரம் பக்கம் நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் பேக்கரி. “உனக்கு அடுப்புச் சூடு ஒத்துக்காதும்மா, இங்கயே நில்லு.” அக்கறையாகத்தான் சொல்வார்கள். வேலையும் சுத்தமாக இருக்கும். ஆறு மாதம் போகும், ஒரு வருடம் போகும். உங்களோடு சேர்ந்த பையன் சைனீஸ் ரேஞ்சில், அதாவது பெரிய அடுப்பில், வாணலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பான். கமி என்பது கிச்சனின் ஆரம்பநிலைச் சமையல்காரர் பதவி; கடைசிப் படியான கமி 3-ஆகச் சேர்ந்தவன் கமி 1 ஆகியிருப்பான். நீங்கள் வெள்ளரிக்காயில் பூ செதுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

பேக்கரி கேவலம் என்று சொல்லவில்லை. ஊட்டி வர்க்கிக்கும், வீட்டுமுறை சாக்லேட்டுக்கும், கொடைக்கானல் ரொட்டிக்கடைகளுக்கும் பெயர்போன மலை இது. மாவு வேலையில் மனசு ஒட்டினால் தாராளமாக அதிலேயே இருங்கள். அது நீங்கள் எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சிடிபி (ஒரு பிரிவின் பொறுப்பாளர்), சூ ஷெஃப் (தலைமைச் சமையல்காரருக்கு அடுத்தவர்) என்று மேலே போகிறவர்கள் பெரும்பாலும் சூடான பக்கம் நின்று பிக்கப் கொடுத்து, அதாவது ஆர்டரை நேரத்துக்குச் செய்து கொடுத்துப் பழகியவர்கள். கே.ஓ.டி. என்கிற ஆர்டர் சீட்டு வரிசையாக விழும் சனிக்கிழமை இரவில் பதறாமல் நிற்கத் தெரியாதவரிடம் யாரும் கிச்சன் சாவியைக் கொடுக்கமாட்டார்கள்.

எப்படி நகர்வது? கூட்டமில்லாத ஒரு மத்தியானம் பார்த்து, “மாஸ்டர், அடுத்த மாசம் என்னை ரேஞ்சுல போடுங்க” என்று நேரடியாகக் கேளுங்கள். மாதத்தைச் சொல்லிக் கேட்பது முக்கியம். “எப்பவாவது” என்றால் எப்போதும் வராது. அதுவரை அரை மணி முன்னால் வந்து கிரேவி போடும் இடத்தில் நில்லுங்கள். தக்காளி எவ்வளவு, முந்திரி எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். பல மாஸ்டர்கள் அளவைக் கண்ணால்தான் போடுவார்கள், கேட்டால் சொல்லவும் வராது. பக்கத்தில் தராசு வைத்து எடை பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

இன்னொரு வழி ஸ்டாஃப் சாப்பாடு. அதை யாரும் விரும்பிச் செய்வதில்லை, ஏதோ ஒரு சாம்பார், ஒரு பொரியல் என்று ஒப்பேற்றுவார்கள். வாரத்தில் ஒரு நாள் நான் செய்கிறேன் என்று வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது பேருக்கு உப்பு போடுவது வீட்டில் நாலு பேருக்குப் போடுவதைப் பத்தால் பெருக்கும் கணக்கு இல்லை என்பது அங்கே புரியும். தப்பினாலும் வாடிக்கையாளர் திட்டமாட்டார். நன்றாக வந்தால் மொத்த கிச்சனுக்கும் உங்கள் கை தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. “பொண்ணுன்னா முடியாதா?” என்ற ரோஷத்தில் எல்லாவற்றையும் தனியாகத் தூக்குவது. 40 லிட்டர் ஸ்டாக் (எலும்போ காய்கறியோ வேகவைத்த சாறு) என்றால் தண்ணீரே 40 கிலோ, பாத்திரம் தனி. அதுவும் கொதிக்கிறது. வணிக சிலிண்டரில் கேஸ் மட்டும் 19 கிலோ, அதற்கு மேல் இரும்பின் எடை. இவற்றை ஆண்களும் தனியாகத் தூக்கக்கூடாது. தூக்கித்தான் பல மாஸ்டர்கள் நாற்பது வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். “ஒரு கை குடுங்கண்ணே” என்பதில் மானம் ஒன்றும் போய்விடாது.

சமவெளி ரெசிபியை அப்படியே தூக்கிவருவது

சென்னையிலோ திருச்சியிலோ படித்துவிட்டு மலைக்கு வேலைக்கு வருகிறவர்களும், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவர்களும் இதில் கட்டாயம் மாட்டுவார்கள். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் இங்கே 100 டிகிரிக்குப் போவதில்லை, 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். ராஜ்மா, கொண்டைக்கடலை, பருப்பு எல்லாம் கூடுதல் நேரம் கேட்கும். பிரஷர் குக்கர் இல்லாமல் தால் மக்கனி செய்யக் கிளம்பினால் மதியச் சாப்பாடு ராத்திரிக்குத்தான் வரும். பிரியாணிக்கு அரிசியை இத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பார்த்து வடிக்காதீர்கள், ஒரு பருக்கையைக் கிள்ளிப் பாருங்கள்.

பொரிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எண்ணெயின் சூட்டை மலை குறைப்பதில்லை. ஆனால் உணவுக்குள் இருக்கும் ஈரம் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிப் போவதால், சிக்கன் வெளியே சிவந்திருக்கும், எலும்போரம் வேகாமல் இருக்கும். எண்ணெய்ச் சூட்டைக் கொஞ்சம் குறைத்து, நேரத்தைக் கூட்ட வேண்டும். கேக்கில் பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் புஸ்ஸென்று எழும்பி நடுவில் அமுங்கும். இட்லி மாவு டிசம்பரில் ஒரு ராத்திரியில் புளிக்காது. அடுப்பு ஓரமாகக் கதகதப்பான இடம் பார்த்து வைப்பதும், முந்தின நாளே ஆட்டிவிடுவதும் இங்கே வழக்கம்.

பனிக்காலத்துக் காலையில் கேஸ் அழுத்தம் குறைந்து அடுப்பு மங்கலாக எரியும். உருளைக்குள் திரவமாக இருக்கும் வாயு குளிரில் சீக்கிரம் ஆவியாகாததுதான் காரணம். அப்போது சிலிண்டர்மீது கொதிநீரை ஊற்றுவது, பக்கத்தில் தீ மூட்டுவது என்று சிலர் செய்வார்கள். நீங்கள் செய்யாதீர்கள், செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்களை இணைத்து, பாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதுதான் சரியான வழி. அதை ஏஜென்சி ஆள் வந்து செய்ய வேண்டும்.

“வெளியே குளிர்தானே, அப்படியே வை”

கிச்சனை மூடும் நேரம். பெரிய பாத்திரத்தில் மட்டன் கிரேவி மிச்சம், ஃப்ரிட்ஜில் இடமில்லை. “ஊட்டியே ஒரு ஃப்ரிட்ஜ்தான்” என்று மூடிவைத்துவிட்டுப் போவார்கள். மலை கிச்சன்களில் எனக்குப் பிடிக்காத வாசகம் இது. கிருமிகள் பெருகும் எல்லை 5 டிகிரியிலிருந்து 60 டிகிரிவரை. இரவில் வெளியே உறைபனி விழுந்தாலும், பகல் முழுக்க அடுப்பு எரிந்த அறை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதே கஷ்டம். ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும். சோற்றில் இன்னும் மோசம். அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதிநீரிலும் சாகாமல் தப்பிக்கும். ஆறிய சோற்றில் அவை முளைத்து வெளியிடும் நச்சு, மறுநாள் ஃப்ரைட் ரைஸாகக் கிளறினாலும் போகாது.

செய்ய வேண்டியது எளிது. அகலமான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்புங்கள். 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அடுத்த நாலு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குப் போக வேண்டும். தேதி எழுதி ஒட்டுங்கள். ஒரு சின்ன தெர்மாமீட்டர் சொந்தமாக வாங்கி மேல்பையில் வைத்துக்கொள்ளுங்கள். “என்னம்மா, டாக்டரா?” என்று கிண்டல் வரும். வரட்டும்.

சின்னத் தவறுகள் சில. ஈரத்துணியால் சூடான சட்டியைப் பிடிப்பது: ஈரம் நொடியில் ஆவியாகிக் கையை வேகவைத்துவிடும், காய்ந்த துணிதான் வேண்டும். தீக்காயத்துக்குப் பற்பசை, மாவு எதுவும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். துப்பட்டா, கண்ணாடி வளையல், வழுக்கும் செருப்பு மூன்றையும் கிச்சன் வாசலிலேயே விட்டுவிடுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு கையில் கிடைத்தால் சாதாரணப் பூண்டின் அளவைப் போடாதீர்கள், காரமும் வாசனையும் அதற்கு அதிகம்.

பொறுத்துப்போவது

“கிச்சன்னா இப்படித்தான்” என்று சொல்லியே பல விஷயங்களை மூடிவிடுவார்கள். இரண்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தோசை கருகியதற்காக மாஸ்டர் கத்துவது ஒன்று. அதை வாங்கிக்கொண்டு அடுத்த தோசையை ஒழுங்காக ஊற்றலாம். உடம்பைப் பற்றிப் பேசுவது, உரசுவது, இரவில் போன் செய்வது வேறு. குறுகலான இடம், தெரியாமல் பட்டுவிட்டது என்பார்கள். குறுகலான இடம் என்பதால்தான் “பின்னாடி”, “ஹாட்” என்று குரல் கொடுத்துவிட்டுக் கடப்பது கிச்சனில் எழுதப்படாத சட்டம். எல்லோருக்கும் குரல் கொடுப்பவர் உங்கள் பின்னால் மட்டும் சத்தமில்லாமல் வந்தால் அதற்குக் காரணம் இடநெருக்கடி இல்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். சின்னக் கடை என்றாலோ, முதலாளிமீதே புகார் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதனால் முதல் தடவையே தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்று குறித்துவையுங்கள். புகார் கொடுப்பது சுலபம் என்று பொய் சொல்லமாட்டேன், சின்ன ஊரில் பேச்சு பரவும். குறிப்பு கையில் இருந்தால் எப்போது பேசுவது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

படிப்பு விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. “கப்பல் வேலை உறுதி” என்று விளம்பரம் செய்யும் டிப்ளமோவுக்கு அப்பாவின் தேயிலைக் காசை மொத்தமாகக் கட்டாதீர்கள். தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசு சார்ந்த ஓட்டல் மேலாண்மைக் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டப்படிப்பு மட்டுமில்லாமல் குறுகிய காலக் கைத்தொழில் படிப்புகளும் உண்டு, விசாரியுங்கள். வயது தாண்டிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2018-இல், உணவகங்களுக்கான உலகப் புகழ்பெற்ற தர அங்கீகாரமான மிஷெலின் நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியப் பெண் கரிமா அரோரா, பத்திரிகையாளர் வேலையை விட்டுவிட்டுத்தான் சமையலுக்கு வந்தார்.

கடைசியாக, கிளம்பும்போது செய்யும் தவறு. சண்டை போட்டுவிட்டு சீசன் நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது. நீலகிரியிலும் பழனி மலையிலும் மாஸ்டர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், நீங்கள் குன்னூர் தாண்டுவதற்குள் மேட்டுப்பாளையத்துக்குச் செய்தி போயிருக்கும். சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சம்பளச் சீட்டுகளையும் அனுபவக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். கடிதத்தை அங்கேயே பிரித்துப் படியுங்கள். பெண்களுக்குப் பழக்கதோஷத்தில் ‘கிச்சன் ஹெல்பர்’ என்று அடித்துக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் ரேஞ்சில் நின்றிருந்தால், நின்ற செக்‌ஷனும் ‘கமி’ என்ற பதவியும் அதில் வரும்வரை அலுவலக அறையை விட்டு நகராதீர்கள்.