பறப்பதை விடுவதா, குளிரை விடுவதா?

தரையிலேயே விமானம் ஓட்டுவதுபோலப் பழகும் சிமுலேட்டர் பயிற்சிக்கு நடுவில் ஒரு காபி இடைவேளை விடுவோம். என்ஜின் தீப்பிடித்து, ஹைட்ராலிக் போய், குறுக்குக் காற்றில் ஒருவழியாக இறங்கி முடித்த களைப்பில் பைலட்டுகள் கொஞ்சம் மனம்விட்டுப் பேசுகிற நேரம் அது. ‘இன்னும் ரெண்டு குளிர்காலம்தான் சார். அப்புறம் எங்காவது வெயில் அடிக்கிற ஊராகப் பார்த்துப் போய்விடுவேன்’ என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

நானும் அப்படிப் போனவன்தான். கேப்டனாகப் பறந்துகொண்டிருந்தேன், இப்போது வெப்பமான ஊர் ஒன்றில் சிமுலேட்டர் பயிற்சியாளன். ஆனாலும் யாரிடமும் ‘வந்துவிடுங்கள்’ என்று நான் சொல்வதில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: நீங்கள் விட்டுப்போக நினைப்பது விமானத்தையா, ரோஸ்டரையா (அதாவது டியூட்டி அட்டவணையையா), ஊரையா? மூன்றும் ஒரே அலுப்பாகத்தான் உடம்பில் தெரியும். மருந்து மட்டும் மூன்றுக்கும் வேறு வேறு.

எது அலுக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கின் குறிப்புப் பகுதியில் எழுதாதீர்கள், அது நாலு பேர் பார்க்கிற ஆவணம். ஒவ்வொரு டியூட்டி முடிந்ததும் அன்றைக்கு எது கசந்தது என்று ஒரே வரி எழுதுங்கள். ‘சோர்வாக இருக்கிறது’ என்று எழுதினால் பிரயோஜனமில்லை. காரணத்தை எழுதுங்கள். ‘அதிகாலை 3 மணிக்கு எழுந்தது.’ ‘விமானத்தின் மேல் உறைந்த பனியை நீக்கும் டீ-ஐசிங் வரிசையில் காத்துக் கிடந்தது.’ ‘கூப்பிட்டால் போக வேண்டிய ஸ்டாண்ட்பையில் நாள் முழுக்க ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தது.’ ‘மகள் மேடையேறிய அன்று, அடுத்த விமானம் வரை வேறு கண்டத்தில் லேஓவர் தங்கல்.’ கோடையில் சில வாரம், குளிர்காலத்தில் சில வாரம் என்று இரண்டிலும் எழுத வேண்டும். குளிர்காலத்தில் மட்டும் எழுதினால் எல்லாப் பழியும் குளிர் மேல் விழும்.

பிறகு ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் விமானம், ரோஸ்டர், ஊர் என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். என்னோடு இதைச் செய்து பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு ரோஸ்டர்தான் ஜெயித்தது. எனக்கும் அப்படித்தான்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. ஐரோப்பிய விதிகளில் ஒரு பைலட் காலண்டர் ஆண்டுக்கு 900 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, 28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதைக் கேட்டால் பாதி வேலை, முழுச் சம்பளம் என்றுதான் தோன்றும். ஆனால் அதே விதிகள் 28 நாளில் 190 மணி நேர டியூட்டியை அனுமதிக்கின்றன. சக்கரம் நகர்ந்தால்தான் பறக்கும் நேரம். காத்திருப்பு, பிரீஃபிங், டெட்ஹெட்டாகப் பயணியாக உட்கார்ந்து போவது எல்லாம் டியூட்டிக் கணக்கு. நீண்ட தூரப் பறத்தலில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். உடம்புக் கடிகாரம் ஒரு நேர மண்டலத்துக்குப் பழக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். எட்டு மண்டலம் தாண்டிப் போய்விட்டு வந்து, மூன்று நாள் வீட்டில் இருந்து, மறுபடி கிளம்பினால் உடம்பு எந்த ஊருக்கும் வந்து சேராது.

ரோஸ்டர்தான் காரணம் என்று தெரிந்தால், வெயில் ஊருக்கு மாறுவதால் எதுவும் மாறாது. அங்கேயும் 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டும், வெளியே கொஞ்சம் புழுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். கேட்டுப் பார்க்க வேண்டியவை வேறு: பகுதிநேர ஒப்பந்தம், நீண்ட தூரத்திலிருந்து குறுகிய தூர விமானத்துக்கு மாற்றம், பயிற்சிப் பிரிவு, சம்பளமில்லாத நீண்ட விடுப்பு. ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் இந்த நான்கையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மறுத்தால் மறுக்கட்டும்.

ஊர்தான் காரணம் என்றால் இன்னும் ஒரு படி உள்ளே போங்கள். குளிர் பிடிக்கவில்லை என்பவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது இருட்டு. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவதுதான் அவர்களை அரிக்கிறது. அப்படியானால் வெப்பநிலையைப் பார்த்து ஊர் தேடாமல் அட்சரேகையைப் பார்த்துத் தேடுங்கள்.

விமானமே அலுத்துவிட்டது என்று வந்தால்? நல்ல காற்றுள்ள நாளில், கையால் ஓட்டி, அழகாக இறக்கிய பிறகும் முகத்தில் ஒரு சிரிப்பு வரவில்லை என்றால் தயங்க ஒன்றுமில்லை, போகலாம்.

கதிர்வீச்சைக் காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. விமானப் பணியாளர்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 2 முதல் 5 மில்லிசீவர்ட் வரை சேரும். தொழில்முறை வரம்பு சராசரியாக ஆண்டுக்கு 20. கருவுற்றிருப்பவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்கள் உடனே மருத்துவரிடமும் நிறுவனத்திடமும் பேச வேண்டும். மற்றவர்கள் இதை வைத்து வாழ்க்கை முடிவை எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

திரும்பி வரும் கதவு

‘ஒரு வருஷம் போய்ப் பார்க்கிறேன், சரிவரவில்லை என்றால் திரும்பி வந்துவிடுகிறேன்.’ இப்படிச் சொல்பவர்கள் எந்தக் கதவு எப்போது மூடும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் மூடுவது சமீப அனுபவம். 90 நாளுக்குள் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க முடியாது. இது சின்னக் கதவு, சிமுலேட்டரிலேயே திறந்துவிடலாம். அடுத்தது மெடிக்கல், அதாவது உடல்தகுதிச் சான்றிதழ். சர்வதேச விதிப்படி விமான நிறுவனப் பைலட்டுக்கு 12 மாதம், 60 வயதைத் தாண்டினால் 6 மாதம். வேலையை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் ஏதாவது கோளாறு வரும்போது சீக்கிரம் தெரிந்துவிடும். விட்டுப்போய்ப் பல வருடம் கழித்து எடுக்கப் போனால் எல்லாம் ஒரே நாளில் மேஜைக்கு வரும்.

அதற்கடுத்து டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி. ஐரோப்பிய முறையில் ஓர் ஆண்டு செல்லும். காலாவதியானால் எவ்வளவு நாள் ஆகிவிட்டது என்பதைப் பொறுத்துப் புதுப்பிப்புப் பயிற்சி, பிறகு செக் எனும் திறன் சோதனை. அதே முறையில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஏழு ஆண்டுகள் புதுப்பிக்காமல் விட்டால் எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. தரும் பைலட் சான்றிதழுக்குக் காலாவதித் தேதியே கிடையாது, ஆனால் மெடிக்கலும் சமீப அனுபவமும் இல்லாமல் அது சுவரில் மாட்டிவைக்கத்தான் உதவும்.

பெரிய கதவு சீனியாரிட்டி. பேஸ் (எந்த ஊரிலிருந்து பணி), விடுமுறை, எந்த விமானம், எப்போது கேப்டன் எல்லாமே சேர்ந்த தேதியைப் பார்த்து நடக்கிற நிறுவனத்தில், விட்டுப்போனவர் திரும்பினால் பட்டியலின் கடைசியில்தான் நிற்பார். பத்து வருடம் முன்னால் உங்களிடம் பயிற்சி பெற்ற பையன் இப்போது உங்களுக்குக் கேப்டனாக இருப்பான். அதை உங்களால் சிரித்துக்கொண்டே ஏற்க முடியுமா? பணத்தைப் பற்றிய கேள்விகளைவிட இந்தக் கேள்விக்குத்தான் நேர்மையான பதில் வேண்டும்.

கடைசியாக வயது. இரண்டு பைலட் ஓட்டுகிற சர்வதேச வணிக விமானத்தில் 65 வரை, ஒரே பைலட் ஓட்டுவது என்றால் 60 வரை. முப்பதுகளில் ஐந்து வருடம் விட்டுப்போவதும் ஐம்பத்தெட்டில் விட்டுப்போவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு ஓய்வு என்றே பெயர் வைத்துவிடலாம், வீட்டிலும் குழப்பம் இருக்காது.

கதவைப் பற்றி இன்னொன்று. 2019-இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 450 கோடிப் பயணிகள் பறந்தார்கள். 2020-இல் அது 180 கோடியாகச் சுருங்கியது. அந்த வருடம் ஏராளமான பைலட்டுகளுக்காக இந்த முடிவை வேறு யாரோ எடுத்தார்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு சிமுலேட்டருக்குத் திரும்பியவர்களிடம் நான் கண்டது, கை அவ்வளவாக மறப்பதில்லை. விமானத்தை நேராக வைத்திருப்பார்கள், இறக்கியும் விடுவார்கள். மறந்துபோவது வரிசை: எதற்குப் பின் எது, எந்தக் கோளாறுக்கு முதலில் எதைத் தொடுவது, ரேடியோவில் பேசிக்கொண்டே அடுத்த இரண்டு நிமிடத்தை யோசிப்பது. எனவே பறக்காத காலத்தில் வாரம் ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இன்ஜின் ஸ்டார்ட்டிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். செலவே கிடையாது.

வெயில் ஊரை எப்போது பார்ப்பது?

விடுமுறையில் பார்க்காதீர்கள். லேஓவரில் பார்க்கவே பார்க்காதீர்கள். ஏசி ஹோட்டல், நீச்சல்குளம், மறுநாள் கிளம்பிவிடுவோம் என்ற நினைப்பு, இந்த மூன்றும் இருந்தால் எந்த ஊரும் சொர்க்கம்தான். அந்த ஊரின் மிக மோசமான மாதத்தில், வாடகை வீட்டில், சொந்தத் துணியைத் துவைத்துக்கொண்டு சில வாரம் இருந்து பாருங்கள். சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், முதல் வாரத்து வெறுப்பையும் முதல் வாரத்து உற்சாகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வெப்பநிலையைவிட ஈரப்பதத்தை விசாரியுங்கள். ஈரமான கடலோரத்தில் ஷூவிலும் தோல் பையிலும் பூஞ்சை பிடிக்கும். என் பழைய ஃப்ளைட் பேக் அப்படித்தான் போனது. புயலையும் விசாரியுங்கள். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து டிகிரிக்குள் வெப்பமண்டலப் புயல்கள் உருவாவது மிக அரிது. வட அட்லான்டிக் பக்கம் என்றால் ஜூன் முதல் நவம்பர் முடியும் வரை சூறாவளிக் காலம், அதாவது வருடத்தில் பாதி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: ஆண்டு முழுக்கப் பகல் சுமார் 12 மணி நேரம்தான். நீண்ட கோடை மாலைகளுக்குப் பழகியவர்களுக்கு, ஆறரை ஏழு மணிக்கே சட்டென்று இருட்டுவது முதலில் ஏமாற்றமாக இருக்கும்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு

வெயிலும் வேண்டும், பறக்கவும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. மாலத்தீவில் ட்வின் ஆட்டர் என்ற சிறிய கடல்விமானங்கள் தீவுக்குத் தீவு போகின்றன. பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பதால் இரவு டியூட்டி கிடையாது. பயிற்சிப் பள்ளிகளும் வானம் தெளிவாக இருக்கிற வெப்பப் பகுதிகளில் நிறைய உண்டு. ஆனால் ‘அமைதியான வாழ்க்கை’ என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள். ஒரே நாளில் பல முறை ஏறி இறங்குவது, அலையையும் காற்றையும் கண்ணால் பார்த்து முடிவெடுப்பது, பெட்டி ஏற்றக் கைகொடுப்பது எல்லாம் உண்டு. வெயில் விமானத்துக்கும் பிடிக்காது. கடல்மட்டத்தில் 35 டிகிரி இருந்தால், விமானம் 2,400 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும்: ஓடுதூரம் கூடும், ஏற்றம் குறையும். பிற்பகல் இடிமேகங்கள் வேறு. இதெல்லாம் கேட்டுக் கண் விரிந்தால், நீங்கள் பறப்பதை விட வேண்டியவர் இல்லை.

வேறு நாட்டு லைசென்ஸ் என்றால் மாற்றத்துக்குத் தேர்வும் செக்கும் இருக்கும். அதை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தொடங்காமல், சம்பளம் வரும்போதே தொடங்குங்கள்.

பணம், வீடு

பணத்தில் நான்கு தாள்களை மட்டும் எடுத்துப் படியுங்கள். பயிற்சி பாண்டு (பயிற்சிச் செலவுக்கு ஈடாக இத்தனை காலம் வேலை செய்வதாகத் தந்த ஒப்பந்தம்): எவ்வளவு காலம் மிச்சம், விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும். லைசென்ஸ் இழப்பீட்டுக் காப்பீடு: மெடிக்கல் போனால்தான் பணம், நீங்களாக விலகினால் ஒன்றும் வராது. ஓய்வூதிய விதிகள். அப்புறம் வரி: பல நாடுகளில் 183 நாள் தங்கினாலே அங்கு வசிப்பவர் என்று கணக்கு, ஆகவே பாதி வருடம் இங்கே பாதி அங்கே என்று இருக்கிறவர்கள் ஆலோசகரிடம் போகத்தான் வேண்டும்.

வீட்டில் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் மனைவியோ கணவரோ பாதி மாதம் நீங்கள் இல்லாத வாழ்க்கையைத் தானாகவே கட்டி வைத்திருக்கிறார். நீங்கள் தினமும் வீட்டில் இருக்கப்போவது அவருக்கும் ஒரு மாற்றம்தான், சில சமயம் வெயிலைவிடப் பெரிய மாற்றம். இடம் மாறுவதற்கு முன் நீண்ட விடுப்பு எடுத்து, இருக்கிற ஊரிலேயே சேர்ந்து இருந்து பாருங்கள்.

போவது என்று முடிவானால், வரிசை இதுதான். முதலில் மெடிக்கலைப் புதுப்பியுங்கள். அடுத்த சிமுலேட்டர் செக்கை முடியுங்கள். பிறகு நோட்டீஸ் கொடுங்கள். அப்போது மெடிக்கல், ரேட்டிங் கதவுகளுக்குக் கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்கும். நோட்டீஸ் காலத்திலேயே பறந்த நேரத்துக்கு நிறுவனத்தின் சான்றுக் கடிதம், பயிற்சிப் பதிவுகளின் நகல், கடைசி செக் அறிக்கை மூன்றையும் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு அதே தாள்களைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.